கரையாத சாலை

போன வாரம் உங்கள் பயிற்சி வகுப்பில் காட்டிய படங்களில் ஒன்றைப் பார்த்ததும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். சிலர் கவனித்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் மழைத் தண்ணீர் குளம் போல நிற்க, நடுவில் ஒரு சாலை கீறல்கூட விழாமல் பளபளவென்று எழும்பி நிற்கும் படம் அது. கழிவுப் பொருள்களால் மண்ணை உறுதிப்படுத்தியதன் வெற்றி என்று கீழே எழுதியிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "மேடம், இது நீங்க போட்ட ரோடுதானே?" என்று கேட்டாள். நான் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போகச் சொன்னேன்.

வண்டலூருக்குத் திரும்புகிற வழியெல்லாம் அது உறுத்தியது. சாலைப் பொறியாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சாலைக்காக என்னைப் பாராட்டுகிறார்கள், நானும் பேசாமல் வாங்கிக்கொள்கிறேன். வகுப்பில் சொல்ல முடியாததை எழுதியாவது சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். படத்தில் தண்ணீர் நிற்கிற இடம் யாருடைய வீடு என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முடிச்சூர்ப் பக்கத்து மண்ணைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டாம். நெல் விளைந்த களிமண். மழை வந்தால் உப்பும், வெயில் வந்தால் வெடிக்கும். அதன் மேல் எப்படிப்பட்ட ரோடு போட்டாலும் இரண்டு மழைக்காலத்தில் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். இன்னொரு பக்கம் தாம்பரத்தைச் சுற்றிப் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இடித்த செங்கல்லும் சுவர்ப் பூச்சும் ஏரிக்கரையில் மலையாகக் குவிகின்றன. அந்த இடிபாட்டை அரைத்து, அனல்மின் நிலையச் சாம்பலும் சுண்ணாம்பும் சேர்த்து, அந்தக் களிமண்ணோடே கலந்து இறுக்கினால் சாலைக்கு அடியில் கல் போன்ற படுகை கிடைக்கும். இதை ஒரு தெருவில் செய்து பார்க்க வேண்டும் என்று மேலிடத்தில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்தான். கடைசியில் முடிச்சூரில் ஒரு தெருவைக் கொடுத்தார்கள்.

அந்தத் தெருவில் ஒரு பச்சை கேட் வீடு. எஸ்தர் அக்கா அங்கே இருந்தார். பள்ளிக்கூடத்தில் ஆயாவாக வேலை பார்த்தவர். கணவர் ஸ்கூல் வேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனதால் அவரைப் பார்த்துக்கொள்ள அக்கா வேலையை விட்டுவிட்டார்.

சாலை வேலையில் இருக்கும் பெண்களுக்கு என்ன கஷ்டம் என்று வகுப்பில் இருந்த பெண்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆண்கள் ஏதாவது ஒரு சுவர் ஓரம் ஒதுங்கிவிடுவார்கள். நாம் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் சமாளிப்போம். வேலை ஆரம்பித்த முதல் நாளே எஸ்தர் அக்கா கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், காலைலேந்து வெயில்ல நின்னுகினு கீறீங்க. பாத்ரூம் போணும்னா உள்ள வாங்க. வெக்கப்படாதீங்க."

அன்றிலிருந்து அந்த வேலை முடியும்வரை அந்த வீட்டுக் குளியலறையைத்தான் பயன்படுத்தினேன். வெளியே வரும்போது டீ தயாராக இருக்கும். அவர் கணவர் அந்த நாள்களில்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடக்கத் தொடங்கியிருந்தார். எங்கள் ரோலர் ஓடுவதைப் பார்ப்பதற்காகவே கேட் வரைக்கும் நடந்து வருவார். "பெரிய வண்டின்னா அவருக்கு உசுரு மேடம். டாக்டர் சொல்லி நடக்காதவரு உங்க வண்டிய பாக்க நடக்கறாரு" என்று அக்கா சிரிப்பார்.

வரைபடத்தின்படி பழைய ரோட்டைத் தோண்டி, அடியிலுள்ள களிமண்ணை எடுத்துக் கலவை சேர்த்து, திரும்ப அதே மட்டத்தில் இறுக்க வேண்டும். தெருவின் ஒரு முனையில் அப்படித்தான் தொடங்கினோம். தோண்டத் தோண்டக் குடிதண்ணீர்க் குழாய்கள் உடைந்தன. யார் எப்போது எந்த ஆழத்தில் போட்டார்கள் என்று எவருக்கும் தெரியாது. தண்ணீர் வராத வீட்டுக்காரர்கள் குடத்தோடு வந்து கத்தினார்கள். வானம் அப்போதே கறுக்கத் தொடங்கியிருந்தது. அதோடு வெளியூர்ப் பொறியாளர்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் அந்தச் சாலையைப் பார்க்க வருவதற்கு நாளும் குறித்தாயிற்று.

ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி என்னிடம் வந்தார். "மேடம், தோண்டினா ஒரே பேஜாரு. பழைய ரோட்ட கொத்திவுட்டு அது மேலயே போட்டு இறுக்கிடலாம். அதே கலவதான். ஸ்ட்ரென்த் இன்னா கொறையப் போவுது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. உறுதி குறையாது. எனக்கு அப்போது அது ஒன்றுதான் கணக்கு. கொஞ்ச நேரம் யோசிப்பது போல நின்றுவிட்டு, "சரி, மேலயே போடுங்க" என்றேன்.

சாலை உயர்ந்தது. ஒரு நாள் டீயைக் கையில் கொடுத்துவிட்டு எஸ்தர் அக்கா கேட்டார்: "மேடம், ரோடு எங்க வூட்டுப் படிய தாண்டி ஒசந்துகினே போவுதே. மழத்தண்ணி எப்பவும் இத்த தாண்டித்தான் எதிர்ல காலி மனைல எறங்கி வாய்க்காலுக்குப் போவும். இனிமே எப்படிப் போவும்?"

நான் உற்சாகமாகச் சொன்னேன்: "அக்கா, இது பழைய ரோடு மாதிரி இல்ல. எவ்வளவு தண்ணி நின்னாலும் கரையாது."

அவர், "சரி மேடம், நீங்க படிச்சவங்க" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவர் கேட்டது தண்ணீரைப் பற்றி. நான் பதில் சொன்னது சாலையைப் பற்றி. இரண்டும் வேறு என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. மழைத் தண்ணீர் கடக்கச் சாலைக்கு அடியில் குறுக்கே குழாய் பதிக்க வேண்டும் என்பது வரைபடத்தில் இருந்தது. மழை முடிந்ததும் பதிக்கலாம் என்று அதையும் தள்ளி வைத்திருந்தேன்.

மழை வந்தது. இரவெல்லாம் விடாமல் அடித்தது. காலையில் நான் போனபோது மேல்தெருத் தண்ணீரெல்லாம் இறங்கி வந்து சாலையின் வடக்குப் பக்கம் முட்டிக்கொண்டு நின்றது. தெற்கே காலி மனைகளிலும் தண்ணீர் நின்றது. ஆனால் அது வாய்க்கால் பக்கம் வடிந்துகொண்டிருந்தது. வடக்கே இருந்ததற்கு மட்டும் போக வழி இல்லை. நான் போட்டது சாலை இல்லை, ஒரு கரை. வீடுகளெல்லாம் ஏரிக்குள் இருந்தன.

வெட்கத்தோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதலில் நான் பார்த்தது வீடுகளை இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சாலையைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன். எங்கேயும் விரிசல் இல்லை, அமுங்கல் இல்லை. மனசுக்குள் சந்தோஷமாக இருந்தது.

தெருவாசிகள் சிலர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "மேடம், நடுவுல ஒரு எடத்துல வெட்டிவுடுங்க. தண்ணி அந்தாண்ட போயிடும்" என்றார் ஒருவர்.

"இது சோதனைக்குப் போட்ட ரோடுங்க. பர்மிஷன் இல்லாம வெட்ட முடியாது. பம்ப் வரவழைக்கிறேன்" என்றேன்.

அனுமதி தேவை என்பது பொய். வெள்ள நேரத்தில் சாலையை வெட்டும் அதிகாரம் எனக்கு இருந்தது. மறுநாள் பார்வையாளர்கள் வரும்போது என் சாலை முழுசாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். டீசல் பம்ப் வந்தது. அது இறைக்க இறைக்க மேல்தெருவிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மாலையில் மேலதிகாரி போனில் கேட்டார்: "ரோடு எப்படி இருக்கு?"

"ஒரு கீறல் இல்ல சார்."

"குட். மழையிலயே வந்து பாக்கட்டும். அதைவிட என்ன வேணும்?"

வீடுகள் எப்படி இருக்கின்றன என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் தூறலில் வேனும் இரண்டு கார்களும் வந்து சாலை நடுவில் நின்றன. இறங்கியவர்களின் செருப்புகூட நனையவில்லை. எல்லோரும் குனிந்து சாலையைத் தட்டிப் பார்த்தார்கள். யாரோ படம் எடுத்தார்கள். நான் கலவையின் விகிதம், இறுக்கிய விதம் எல்லாவற்றையும் விளக்கினேன். விளக்கும்போது பச்சை கேட்டுக்கு முதுகைக் காட்டி நின்றேன். தற்செயலாக இல்லை, அந்தப் பக்கம் பார்க்க முடியாமல்தான். வந்தவர்கள் என்னைப் பார்த்து நின்றதால் அவர்களுக்கு அந்த வீடு நன்றாகத் தெரிந்திருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

வந்தவர்களில் ஒரு பேராசிரியை மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "மேடம், இங்க எங்கேயாவது டாய்லெட் இருக்குமா?"

பழக்க தோஷத்தில் என் கை பச்சை கேட் பக்கம் பாதி எழுந்துவிட்டது. கையை இறக்கிக்கொண்டேன். அந்தத் தெருவில் பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க் நிரம்பி, குளியலறைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒன்றாகி அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தன. "மெயின் ரோட்டுல பெட்ரோல் பங்க்ல இருக்கும்" என்று சொன்னேன்.

அப்போதுதான் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. எஸ்தர் அக்கா தொடை அளவு தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார். சாலையின் விளிம்புக்கு வந்து நின்று, கீழிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மேடம், கட்டில் வரைக்கும் தண்ணி வந்துட்ச்சி. ராத்திரிலேந்து அவரு நடுங்கிகினே கீறாரு. ஆட்டோ எதுவும் வரமாட்டேங்குது. உங்க வண்டில ஏத்திகினு போய் ஆஸ்பத்திரில வுட்டீங்கன்னா போதும் மேடம்."

பக்கத்தில் நின்ற வெளியூர்ப் பொறியாளர் என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

நான் சொன்னேன்: "இல்ல சார், இந்தத் தெருக்காரங்க. ஏதோ கம்ப்ளெயின்ட் சொல்றாங்க. நாங்க பாத்துக்கறோம்."

எஸ்தர் அக்கா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. என்னிடமிருந்து பார்வையை எடுத்து, வேறு யாராவது உதவுவார்களா என்று மற்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் கூட்டத்தில் ஒருத்தியாகிவிட்டேன். இந்த வேலையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எதுவும் அப்படி வலிக்கவில்லை.

டாய்லெட் கேட்ட அந்தப் பேராசிரியைதான் முதலில் அசைந்தார். கைப்பையை வேன் இருக்கையில் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். "வாங்கம்மா, எந்த ரூம்?" என்று கேட்டபடி அக்காவின் பின்னால் போனார். தெருவில் இரண்டு ஆண்கள் ஓடி வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அக்காவின் கணவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. நல்ல பக்கத்துக் கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து தலையசைத்தார். அவர்கள் அவரைச் சாலைமேல் தூக்கி ஏற்றத் திணறியபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. குடையைப் போட்டுவிட்டு நானும் இறங்கிக் கைகொடுத்தேன்.

இறங்கியபோது கால் தரையைத் தேடிக்கொண்டே போனது. அவ்வளவு ஆழம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு நாளாக அந்தச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு தடவைகூடக் கீழே இறங்கிப் பார்க்கவில்லை.

அவரையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு வேன் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, பார்வையாளர்களோடு வந்திருந்த மேலதிகாரியிடம், "சார், ரோட்ட வெட்டப் போறேன்" என்றேன்.

"இப்பவா? இவங்க கிளம்பட்டும்மா. ஒரு மணி நேரம் பொறுத்துக்கோ."

"இல்ல சார். நேத்தே வெட்டியிருக்கணும்."

இதைத் துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் முன்பு அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் அது துணிச்சல். அன்றைக்கு அது தாமதம் மட்டுமே.

ஜேசிபி வந்தது. பல் வைத்த வாளியால் ஓட்டுநர் சாலையில் கொத்தினார். வாளி வழுக்கியது. மறுபடியும் கொத்தினார், தார் மட்டும் உரிந்தது. அதற்குக் கீழே நான் ஆசை ஆசையாக இறுக்கிய படுகை அசையவே இல்லை.

"இன்னாது மேடம் இது, பாற மாதிரி கீது" என்றார் ஓட்டுநர். "பிரேக்கர் மாட்டினாத்தான் ஒடையும்."

பிரேக்கர் வருவதற்குள் தண்ணீர் இன்னும் ஏறியது. தெருவே சாலைமேல் வந்து நின்றது. தலையில் துணிமூட்டை வைத்திருந்த ஒருவர் என் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். கேலி துளியும் இல்லாமல், "நல்லாத்தான் போட்டுக்கீறீங்க மேடம்" என்றார். வந்திருந்த பொறியாளர்கள் அதையும் பார்த்து வியந்துவிட்டுத்தான் காரில் ஏறினார்கள்.

பிரேக்கர் உடைக்கத் தொடங்கி வெகு நேரம் கழித்துத்தான் குறுக்கே ஒரு பள்ளம் விழுந்தது. கறுப்புத் தண்ணீர் சாக்கடை நாற்றத்தோடு பாய்ந்து காலி மனைகளுக்குள் இறங்கியது. மாலைக்குள் எஸ்தர் அக்காவின் வீட்டுத் தரை தெரிந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். கட்டிலின் கால்களுக்குக் கீழே செங்கல் அடுக்கியிருந்தார். செங்கல் போதாமல் மேலே பைபிள் கதைப் புத்தகங்களையும் பழைய பாடப் புத்தகங்களையும் வைத்திருந்தார். எல்லாம் ஊறி உப்பியிருந்தன.

அக்காவின் கணவருக்கு நிமோனியா. பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடந்ததில், பழகியிருந்த நடை போய்விட்டது. பிறகு ராஜகீழ்ப்பாக்கத்தில் அக்காவின் தங்கை வீட்டில் பல மாதங்கள் வைத்திருந்தார்கள். பார்வையாளர்கள் எழுதிய அறிக்கையில் மண்ணை உறுதிப்படுத்திய முறை மிகச் சிறப்பு என்று இருந்தது. சாலையை வெட்டியது அதில் இல்லை. சேர்க்கச் சொல்லி நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அடுத்த கோடையில் அந்தச் சாலை முழுவதையும் பெயர்த்தோம். குழாய்களை ஒவ்வொன்றாகக் கையால் தோண்டிக் கண்டுபிடித்து மாற்றினோம். பெயர்த்த படுகையையே மறுபடி அரைத்து, களிமண்ணைத் தோண்டிய பள்ளத்தில் நிரப்பி, பழைய மட்டத்துக்கும் கொஞ்சம் கீழே இறுக்கினோம். குறுக்கே மூன்று இடங்களில் பெரிய குழாய்கள் பதித்தோம். அதே கழிவு, அதே சாம்பல், அதே சுண்ணாம்பு. பொருளில் எந்தக் குறையும் இருந்ததில்லை. உங்களில் யாராவது இதைப் படித்துவிட்டு அந்த முறையே வேண்டாம் என்று ஒதுக்கினால், அது நான் செய்த இன்னொரு தவறாகிவிடும்.

எஸ்தர் அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். கணவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "மழைக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றார். மழையினால் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்ததையும் சொன்னேன். "அக்கா, அன்னிக்கு அவங்க கேட்டப்போ உங்கள தெரியாதுன்னு சொல்லிட்டேன்..."

அவர் கை நிற்கவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தார். அவர் கணவர் என்னைப் பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார்.

"கேட்டுச்சு மேடம்" என்றார் அக்கா. அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்வார் என நான் காத்திருந்தேன் போலிருக்கிறது. அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

நான் எழுந்தபோது அவரே கேட்டார்: "பின்னாடி தெருவுக்கும் இதே ரோடுதான் போடப் போறீங்களாமே?"

"ஆமாங்கக்கா. அடுத்த வாரம் ஆரம்பிக்கிறோம்."

"அங்க கடேசி வூட்டுல ஒரு பொண்ணு கைக்கொழந்தையோட கீது. எங்க வூட்ட விட அது பள்ளம். மெஷின் எறக்கறதுக்கு முன்னாடி அந்த வூட்ட போய்ப் பாருங்க."

"இப்பவே போறேன்" என்றேன். அலுவலகத்துக்குப் போக வேண்டிய ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு நடந்தே போனேன். கடைசி வீடு தெருவிலிருந்து இரண்டு படி கீழே இருந்தது. கதவைத் தட்டினேன். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் நின்றது.

"யாரு?"

"பக்கத்துத் தெருவுல ரோடு போட்டது நான்தாம்மா. இங்கயும் போட வரேன். போடறதுக்கு முன்னாடி, மழை பெஞ்சா உங்க வீட்டுத் தண்ணி எந்தப் பக்கம் போகும்னு காட்டறீங்களா?"

தாழ்ப்பாள் விலகியது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் போனேன்.